எட்டுப் பேருக்கு நிழல்

மாமனாரை வெயிலில் காயப்போட்ட மருமகள் என்று தெருவே பேசுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அதற்காகத்தான் அவள் தச்சரைக் கூப்பிட்டிருந்தாள்.

தச்சர் டேப்பை இழுத்து வீட்டின் பின்பக்கத் தளத்தை அளந்தார். தளத்தின் நட்டநடுவில், மத்தியானம் இரண்டு மணி வெயிலில், தலையில் தொப்பியும் மடியில் செய்தித்தாளுமாக மாமனார் உட்கார்ந்திருந்தார். டேப் தன் பக்கம் வந்தபோது காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. போன மாதம் வீடு கூட்டும்போது, "மாமா, கொஞ்சம் வெளிய உட்காருங்களேன்" என்று சொல்லிவிட்டாள். சரிம்மா என்று போனவர்தான். அன்றிலிருந்து சாப்பிடவும் தூங்கவும் மட்டும் உள்ளே வருகிறார். மழை பெய்த அன்றைக்குக்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தார்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளிக்காத மனிதர். அப்பாவைவிட ஒரு படி மேலாகவே அவரைப் பிடிக்கும். போய் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றால், "எனக்கென்னம்மா கோபம்?" என்று சிரிக்கிறார். கத்தித் தீர்க்கிறவர்களையாவது சமாதானப்படுத்தலாம், சிரிக்கிறவரை என்ன செய்வது?

துணைக்கு உட்காரலாம் என்று போன வாரம் இன்னொரு நாற்காலியை அவர் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் அது பழைய சாமான் அறையில் கிடந்தது. "கால் ஆடுதும்மா" என்றார். அவள் உட்கார்ந்து பார்த்தாள், ஓர் ஆட்டமும் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

கணவனிடம் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினான். மாமியாரோ இந்தச் செய்தியைத் தன் அக்காவுக்கு போனில் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் கேட்டுத் தீராத மன்னிப்பை மரத்தால் கேட்டுவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள்.

"பெர்கோலான்னா வெறும் மரப்பந்தல் இல்லீங்க," என்றார் தச்சர். "நாலு கால் நட்டுடலாம். மேல சட்டத்தை எந்தப் பக்கமா ஓட்டுறதுன்றதுதான் விஷயம். எந்த நேரத்துக்கு நிழல் வேணும்?"

"மத்தியானம் பூரா. மாமா மேல பொட்டு வெயில் படக்கூடாது."

"எத்தனை பேர் உட்காருவீங்க?"

"ஒருத்தர்," என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒதுங்கியே இருப்பது என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

"எட்டுப் பேர்," என்றாள் அழுத்தமாக. "சுத்தி பெஞ்சு போடுங்க. நடுவுல பெரிய மேசை. இனிமே இந்த வீட்ல யாரும் தனியா உட்காரக் கூடாது."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"எட்டா?"

"ஆமா மாமா. பத்தாதுன்னா இன்னும் நீட்டிக்கலாம்."

மாமனாரின் கண் கலங்கினாற்போல் இருந்தது. ஒரு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அப்பாடா என்று தச்சருக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.

சமையலறை ஜன்னல் தளத்தைப் பார்த்தாற்போல் இருந்தது. குழாயைத் திறக்கக் கையை நீட்டியபோது வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்துபோய்த் தச்சரின் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதைச் செய்ய முடியாதுன்னு சொல்லிடுங்களேன். மண்ணு சரியில்ல, கால் நிக்காது, ஏதாவது ஒண்ணு."

அவள் கை அப்படியே நின்றது. இவ்வளவு கோபமா?

"நல்லாத்தானே சார் இருக்கு மண்ணு," என்றார் தச்சர். "நீங்க வெயில்ல வேகுறீங்கன்னுதானே மேடம் இவ்வளவு மெனக்கெடறாங்க. நிழல் வந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

மாமனார் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிழல் வந்தா எல்லாரும் வந்துடுவாங்களே, தம்பி!"