ஆட்சேபணை மனு

முத்தாபுதுப்பேட்டையில் வேம்புலி வைக்கவிருந்த வாடகை சைக்கிள் கடைக்கு ஆறு மாதமாக லைசென்ஸ் வரவில்லை. "புள்ளைங்க விழுந்து கைகாலை உடைச்சுக்கும்" என்று பாஸ்கல் மாதம் தவறாமல் ஆட்சேபணை மனு கொடுத்துக்கொண்டிருந்தார்.

வேம்புலி அவர் வீட்டுக்கே வந்து கெஞ்சினான்.

"இன்னா அண்ணாத்தே, ஃபாக்டரிலேந்து நடந்தே ஊடு வந்து சேர எட்டு மணி ஆவுது உங்களுக்கு. சைக்கிள் எடுத்தா அஞ்சரைக்கே ஊட்டுக்கு வந்துடலாம்!"

ஃபாக்டரி விட்டதும் எட்டு மணி வரைக்கும் நடக்கிற சீட்டுக் கச்சேரி என்னாவது? பாஸ்கல் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். ஞானசௌந்தரி ஏதோ யோசனையில் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் புது மனுவோடு லைசென்ஸ் ஆபீசுக்கு ஓடினார்.

"உங்களுது வேணாம் சார். காலையிலேயே ஒண்ணு வந்துடுச்சு" என்று கிளார்க் எடுத்து நீட்டினார்.

'இந்தக் கடை வந்தால் என் வீட்டு நிம்மதி போய்விடும். இப்படிக்கு, ஞானசௌந்தரி பாஸ்கல்.'