எட்டு மணி நேரச் சராசரி

“ரத்தத்துல ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு” என்றார் டாக்டர் மகாதேவி, ரிப்போர்ட்டைப் பார்த்தபடி.

பாலசமுத்திரத்தை அடுத்த பெயிண்ட் பவுடர் கம்பெனியில் வேலை பார்க்கும் இருதயசாமி மறுத்தான்.

“வாய்ப்பே இல்லைங்க டாக்டர். பி.பி.இ. இல்லாம உள்ள விடமாட்டாங்க. மாஸ்க், கையுறை எல்லாம் போட்டுத்தான் சோலி பாப்பேன். நடுவுல மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பீடி பத்தவைக்கிற ஆளு நான் இல்லைங்க.”

“காத்துல ஈயத்தூசி இருக்கும்ல?”

“அதுக்குத்தான் டி.டபிள்யூ.ஏ. பாக்குறாங்க. எட்டு மணி நேரச் சராசரி. எப்பவும் லிமிட்டுக்குள்ளதாங்க.”

“யூனிஃபார்ம்?”

“வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். அங்க தொவைக்கப் போட்டா யாரோடதுன்னே தெரியாமக் கெடக்கும்.”

“துவைக்கிறது யாரு?”

“வேற யாரு, பொஞ்சாதிதான்.” அவன் குரலில் லேசான பெருமை. “நல்லா உதறிட்டு, கையாலயே கசக்கித் தொவைப்பா. சுத்தமான யூனிஃபார்முக்குக் கம்பெனியில பரிசே குடுத்தாங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார்த்தார்.

அந்த ரிப்போர்ட்டுக்குரிய அவன் மனைவி சகாயராணி, மூன்றாவது முறையும் கரு கலைந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலேயே அவள் கேட்டாள்:

“அப்ப மூணு பிள்ளையும் அந்தத் தூசியாலதான் போச்சா டாக்டர்?”