கோப்பையில் நிற்கும் தண்ணீர்

ஒழுகிவிடேன். இந்த ஒரு தடவை ஒழுகினால்தான் என்ன?

கேரவனின் குட்டி டாய்லெட்டைப் பார்த்து ஆர்டிஸ் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வண்டியை வாங்க வந்திருந்த கர்ட், அதன் கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தான். பழைய கேரவன் வாங்குகிற எல்லோரும் செய்வதுதான். ஒரு காபி குடித்துவிட்டு வரும்வரை தண்ணீர் நின்றால், அடியில் இருக்கும் ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"எல்லாரும் என்ஜினைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நீ நேரா கக்கூசுக்குப் போறியே!" என்றார் ஆர்டிஸின் கணவர் வெர்லன்.

"என்ஜின் கெட்டா மெக்கானிக் வருவான். இது கெட்டா என் பொண்டாட்டி துடைப்பத்தோட வருவா."

"கவலைப்படாதே. மினசோட்டாவிலேயே இவ்வளவு செல்லமா வளர்ந்த ரப்பர் கிடையாது. சிலிக்கான் கிரீஸ்தான் போடணும், வேற களிம்பு பட்டா ஊதிப்போயிடும்னு ஆர்டிஸ் வருஷா வருஷம் எனக்குப் பாடம் நடத்துவா."

உண்மைதான். பனிக்காலத்துக்கு வண்டியைக் கொட்டகைக்குள் விடும் முன் அவளே ரப்பரைத் துடைத்து, கிரீஸ் தடவி, அது காய்ந்துவிடாமலிருக்க உறையாத இளஞ்சிவப்பு திரவத்தைக் கோப்பையில் ஊற்றிவைப்பாள். போன அக்டோபரிலும் செய்தாள். விற்கப்போகிற வண்டி என்று தெரிந்தும், காயட்டும் என்று விட அவளுக்குக் கை வரவில்லை.

மூவரும் வண்டியின் படியருகே காபியோடு நின்றார்கள். கொட்டகைக்கு வெளியே அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது.

"அந்த ரப்பரைக் கவனிச்சதுல பாதி என்னைக் கவனிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா? உதட்டைப் பாரு கர்ட்!" வெர்லனின் உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"புது டப்பா உதட்டுக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்துல தொலைச்சாச்சு" என்றாள் ஆர்டிஸ். "மறுபடி வாங்கப் போனா கடையில செர்ரி வாசனைதான் இருக்கு. இந்த ராஜாவுக்குப் பழையபடி புதினாதான் வேணுமாம். குளிர்காலம் முழுக்க மரப்பட்டைக்கு முத்தம் கொடுத்துக்கிட்டிருந்தேன்."

கர்ட்டுக்குப் புரையேறியது.

அவளும் சிரித்தாள். ஆனால் வண்டியை விற்பது அவள் யோசனையே இல்லை. 'வித்துடலாம் ஆர்டிஸ், உன் முழங்காலுக்கு இந்தப் படி ஒத்துக்காது' என்று வெர்லன்தான் ஆரம்பித்தார். வண்டி ஓட்டி அலுத்துவிட்டார், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு என் முழங்கால்மேல் பழியைப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். சுப்பீரியர் ஏரிக்கரையில் இந்த ஜன்னலைத் திறந்துவைத்து விழித்த காலைகளைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'சரி' என்று மட்டும் சொன்னாள்.

"போதும், வாங்க" என்று கர்ட் உள்ளே போனான். பின்னாலேயே அவர்களும்.

கோப்பை காலியாக இருந்தது.

"அடடா! போச்சே!" என்றார் வெர்லன், யாரும் எதுவும் சொல்லும் முன்பே. "இதை யாரு வாங்குவா? நீ வேற வண்டி பாரு தம்பி."

"அட, ஒரு ரப்பர்தானே! நானே மாத்திக்கிறேன். பேசின விலையிலயும் ஒண்ணும் குறைக்க வேண்டாம்." கர்ட் ஆர்டிஸிடம் கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க."

வெர்லனின் முகம் தொங்கிப்போனது. ஆர்டிஸ் அதைக் கவனிக்கவில்லை. தன் கையால் பார்த்த ரப்பர் எப்படி ஒழுகும்? முழங்கால் முனக, கீழே உட்கார்ந்து வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஊதிக் கொழகொழத்திருந்தது. விரலை முகத்தருகே கொண்டுபோனாள்.

புதினா வாசனை.

நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் வெடித்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்தியபடி, ஜன்னலுக்கு வெளியே பனியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இல்ல கர்ட்" என்றாள் ஆர்டிஸ் மெதுவாக, சாவியைக் கோட்டுப் பைக்குள் திரும்பப் போட்டபடி. "விக்கிறதா இல்ல."