தண்ணீருக்கு மட்டும் கையெழுத்து

லாரி கொட்டிவிட்டுப் போன சதுப்புநிலச் சேறு, தங்கை வீட்டு வாசலில், மதிய வெயிலில் கருகருவென்று மின்னுகிறது. தங்கை வெறுங்கையால் கட்டிகளை உடைக்கிறாள், நகக்கண்ணெல்லாம் கருப்பு. "எவ்ளோ சத்து பாருக்கா, கீரை தளதளன்னு வரும்." அக்கா ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பேட்டரி ஆலை முப்பது வருடமாகக் கழுவிவிட்ட ஈயத்தை இந்தச் சேற்றின் மக்கிய இலையும் துருவேறிய களிமண்ணும்தான் இறுக்கிப் பிடித்துவைத்திருக்கின்றன; அதனால்தான் அவள் சோதித்தபோது சதுப்பில் மேலே நின்ற தண்ணீரில் ஒன்றும் தட்டுப்படவில்லை. சோதனைப் படிவத்தில் சேற்றுக்கு இடமில்லை. "கேட்டதுக்கு மட்டும் எழுதும்மா" என்றார் அதிகாரி. 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "அதைத் தொடாதேடி" என்கிறாள் இப்போது. தங்கை நிமிராமல் சிரிக்கிறாள். "நல்லா இருக்கே கதை. லாரிக்காரன் காட்டின சீட்டுல உன் கையெழுத்தைப் பாத்துட்டுத்தானே லாரியையே வரச்சொன்னேன்."