முப்பத்தோராவது டம்ளர்

ஃபேர்லேண்ட்ஸ் ஓவிய வகுப்பின் மாடியறையில் ஞாயிறு காலை வெயில் எவர்சில்வர் டம்ளரில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. ஓவியம் கற்க திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் வசந்தாமணி அந்த டம்ளரை முப்பது முறை வரைந்துவிட்டார். முப்பதும் மேசையில் நிற்காமல் அந்தரத்தில் தொங்குகின்றன. பயிற்றுநர் ஈஸ்வர் செல்போனிலிருந்து பாதிக் கண்ணை எடுத்து, "சூப்பருங்க மேடம்" என்கிறார். அடுத்த மேசையில் இன்னும் எதுவும் வரையாத தாளுக்கும் அதே சூப்பர்தான். "சூப்பரு இருக்கட்டுங்க, தப்பு எங்க இருக்குதுன்னு சொல்லுங்க" என்கிறார் வசந்தாமணி. ஈஸ்வர் பென்சிலை வாங்கித் தானே ஒரு டம்ளர் வரைந்து, நிழல் தீட்டி, கீழே வசந்தாமணியின் பெயரையும் எழுதுகிறார். "போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுக்கங்க." அவர் நகர்ந்ததும் பக்கத்து மேசை மோகனப்பிரியா வசந்தாமணி வரைந்த முப்பதையும் எட்டிப் பார்க்கிறாள். "வாய வளைச்சுப் போட்டுட்டு அடிய நேர்கோடா இழுத்துட்டீங்கக்கா. அடியும் வளையோணுங்க." வசந்தாமணி ஈஸ்வரின் டம்ளரை ரப்பரால் அழிக்கிறார். தன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, துகளை ஊதித் தள்ளி, அதே இடத்தில் வரைகிறார். கோடு நடுங்குகிறது, டம்ளர் மேசையில் உட்கார்ந்துவிடுகிறது. திரும்பி வரும் ஈஸ்வர் தாளைப் பார்த்துப் பூரிக்கிறார். "நான் போட்டது எப்படி உக்காந்திருக்குது பாத்தீங்களா மேடம்!"