ராசியான சிஸ்டம்

ரெஜினா அக்காவின் கேமிங் சென்டரில் ஆள் யாரும் தோற்பதில்லை, சிஸ்டம்தான் தோற்கும். "ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள், "மவுஸ் சரியில்ல" என்பார்கள். மூலையில் இருந்த ஒன்று மட்டும் ராசியானது என்று பெயரெடுத்திருந்தது. ஆயுத பூஜையன்று அதற்கு மட்டும் பெரிய சந்தனப் பொட்டு வைப்பார்கள். தன்னோடு கூடவே வளர்ந்த ஜெபராஜ் அதில் உட்கார்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததிலிருந்து வேந்தன் அவனோடு பேசுவதில்லை. "உங்க சண்டையப் பாக்க எனக்குத் தெம்பில்லப்பா" என்று அக்கா பழையதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரே பிராசஸர், ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே திரை, ஒரே மவுஸ் என்று புது சிஸ்டங்களை வரிசையாக இறக்கினாள். எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. வேந்தன் முந்திப் போய் மூலையில் உட்கார்ந்தான். ஜெபராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். வேந்தன் தோற்றான். "எந்திரி, இடம் மாத்து" என்றான், முகத்தைப் பார்க்காமலே. மாறி உட்கார்ந்து இன்னும் சீக்கிரமாகத் தோற்றான். மவுஸைத் தூக்கி அடிக்கப்போகிறான் என்று அக்கா பதறி எழுந்து வந்தாள். வேந்தன் அதை மெல்லக் கவிழ்த்துப் பார்த்தான். ஜெபராஜின் மவுஸையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். இரண்டின் அடியிலும் அதே சிவப்பு வெளிச்சம். பாரம் இறங்கினவன்போல் நாற்காலியில் சாய்ந்தான். "நான் தோத்துட்டேன் மச்சான்." சென்டரில் எல்லா நாற்காலிகளும் அவன் பக்கம் திரும்பின. ஜெபராஜ் ஹெட்போனைக் கழற்றினான். "காதுல விழல. இன்னொரு தடவ சொல்லு."