வாளிச் சண்டை

"ஆரம்பிச்சுட்டாரா இன்னிக்கும்?"

பேருந்திலிருந்து இறங்கும்போதே சியூமான் முணுமுணுத்தாள். குப்பை வண்டி போடும் பாட்டையும் மீறித் தெருமுனையில் லியாவ் அண்ணனின் குரல் கேட்டது.

எப்போதும் ஒரே சண்டைதான். தம்முடைய சமையல் கழிவு வாளியை வண்டிக்காரர்கள் நசுக்கிவிட்டார்களாம். ஓட்டுநர் இறங்கிவந்து, வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழைய நசுங்கல்தான் என்று வாதாடுவார். மழையானாலும் குடைபிடித்தபடி தெருவே வேடிக்கை பார்க்கும்.

சியூமானுக்கு அதற்கு நேரம் ஏது? மீன் ஆலையில் பகலெல்லாம் நின்ற கால்களோடு மூன்று மாடி ஏறி, பையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வண்டி நிற்கும்போதே கையால் போட வேண்டும்.

பையில் இருப்பவை, படுக்கையில் கிடக்கும் அவள் கணவரின் டயபர்கள். ஒற்றை அறை வீடு. குடிவந்த புதிதில் சில நாள் வண்டியைத் தவறவிட்டாள். அந்த இரவுகளில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார்.

பிறகு தவறியதில்லை. ஏறுவதும் இறங்குவதும் ஓடுவதும் கால்களுக்குப் பழகிவிட்டன என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய நாளில் சரியாக நடப்பது அது ஒன்றுதான்.

அன்று பையைப் போட்டுவிட்டுத் திரும்பியவள், லியாவின் முன் நின்றாள்.

"ஒரு நாளாவது மரியாதையாப் பேசக் கூடாதா, அண்ணே? நாள் முழுக்க மெஷின் சத்தம். இங்க வந்தா உங்க சத்தம்."

"புது வாளிக்கு நாங்க வேணா வசூல் பண்ணித் தர்றோம்" என்றாள் பழக்கடைக்காரி. எல்லாரும் சிரித்தார்கள்.

லியாவ் வாளியில் விழுந்திருந்த மழைநீரைக் கவிழ்த்துவிட்டு நடந்தார்.

மறுநாள் பேருந்திலிருந்து இறங்கியபோது வண்டியின் பாட்டு மட்டும் கேட்டது, சண்டைச் சத்தம் இல்லை. சொன்னது உறைத்துவிட்டது என்று சியூமானுக்கு ஒரு நிம்மதி. வழக்கம்போல் ஏறி, பையோடு இறங்கி ஓடிவந்தாள்.

வண்டி இல்லை. எங்கோ பக்கத்துத் தெருவில் அதன் பாட்டு தேய்ந்துகொண்டிருந்தது. கனத்த பையோடு அப்படியே நின்றாள். பழக்கடைக் கூரையின்கீழ் சைக்கிளோடு லியாவ் மட்டும் காத்திருந்தார்.

"சீக்கிரமே போயிட்டானா, அண்ணே?"

"இல்லம்மா. அவன் கிளம்புற நேரமே அதுதான்."

அவள் கையிலிருந்த பையை வாங்கி சைக்கிளில் மாட்டினார்.

"குடு, அடுத்த முனையில பிடிச்சுப் போட்டுடறேன். நீ சொன்னியேன்னு இன்னிக்கு மரியாதையாத்தான் கேட்டுப் பார்த்தேன், அந்த மூணாம் மாடிப் பொண்ணு இறங்கி வர்ற வரைக்கும் நில்லுப்பான்னு. நிக்க மாட்டேன்னுட்டான்."